காற்றில் எட்டு

மாமனாருக்குப் போன் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை யாரும் அவனிடம் ஒப்படைக்கவில்லை. அவனாகவே எடுத்துக்கொண்டான்.

மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலைக்காலம் முழுவதையும் தரைக்கு வெகு உயரே ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கழித்தவர், ஓய்வு பெற்றதும் நடக்க ஆரம்பித்தார். முதலில் தெரு, பிறகு பூங்கா, பிறகு மலை. மருந்துக்கடைக்காரர் ஒருவர் நடத்திவந்த ஞாயிற்றுக்கிழமைக் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கேதான் ஜியோகேச்சிங் பைத்தியம் பிடித்தது. முகம் தெரியாத யாரோ மலையில் ஒரு சின்னப் பெட்டியை ஒளித்து வைப்பார்கள். அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார்கள். போனைப் பார்த்துத் தேடிப் போக வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

"பரிசே இல்லாத விளையாட்டை யாராவது விளையாடுவாங்களா?" என்றார் மாமியார்.

"உன்னைக் கட்டிக்கிட்டப்போ மட்டும் பரிசு கொடுத்தாங்களா?" என்றார் மாமனார்.

அவருடைய பழைய போன் மரத்தடிக்குப் போனாலே திணறியது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது சொன்னார். மருந்துக்கடைக்காரர் வைத்திருப்பதைப்போல ஒன்று போதும். தடித்த ரப்பர் உறை, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு.

"அது போன் இல்ல மாமா, செங்கல்," என்றான் அவன். "என்கிட்ட விடுங்க. நான் பாத்துச் சொல்றேன்."

அந்தக் குடும்பத்தில் அவனுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. டிவி, வாஷிங் மெஷின், காது கேட்கும் கருவி, எதை வாங்குவதானாலும் அவனைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எந்திரத்தை இயக்குபவன் என்பதால் எல்லா எந்திரங்களும் அவனுக்கு அத்துப்படி என்று முடிவு கட்டியிருந்தார்கள். மாமியார் அவனை நிபுணர் என்பார். அது கிண்டலா மரியாதையா என்று அவன் ஆராய்ந்து பார்த்ததில்லை. இரண்டுமே பிடித்திருந்தது.

இரண்டு வாரம் படித்தான். அடுத்த ஞாயிறு வகுப்பு எடுத்தான்.

"எல்லா போன்லயும் ஜிபிஎஸ் இருக்கு மாமா. ஆனா எல்லாம் ஒண்ணு இல்ல. ரெண்டு அலைவரிசையில சாட்டிலைட் சிக்னல் வாங்கணும். அப்பத்தான் பாறைக்கு நடுவுல நின்னாலும் புள்ளி தாவாது. பேட்டரி நாள் முழுக்க நிக்கணும். வெயில்ல திரை தெரியணும். சிக்னல் இல்லாத இடத்துக்கு மேப்பை முன்னாடியே இறக்கி வெச்சுக்கணும். எல்லாத்தையும் விட முக்கியம், திசைகாட்டி சென்சார். விலை குறைஞ்ச போன்ல அதைப் பிடுங்கிடுவான். நீங்க எங்க நிக்கிறீங்கன்னு அதுக்குத் தெரியும். எந்தப் பக்கம் பாத்து நிக்கிறீங்கன்னு தெரியாது."

"அது தெரியாம இந்த வீட்லயே ஒருத்தர் நிக்கிறார்," என்றார் மாமியார்.

மாமனார் சிரித்தார். "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கடைக்கு இருவரும் போனார்கள். அவன் நான்கைந்து போன்களை வாசலுக்கு எடுத்து வந்து, வடக்கு எங்கே என்று ஒவ்வொன்றிலும் பார்த்தான். விற்பனைப் பெண் பொறுமையாகப் பின்னாலேயே வந்தாள். தேர்ந்தெடுத்த போனுக்கு அவள் ஒரு சாதாரண ரப்பர் உறையை எடுத்துக் காட்டினாள். அவன் அதை ஒதுக்கிவிட்டு ஃபிளிப் கவர் கேட்டான். புத்தகம்போலத் திறந்து மூடுவது. பழுப்பு நிறம், தோல் மாதிரி. மூடினால் ஓரத்துப் பட்டை தானாகப் போய் டப்பென்று ஒட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது.

"இந்தக் கதவு எதுக்கு மாப்பிள்ளை?" என்றார் மாமனார். "ஒவ்வொரு தடவையும் திறந்து மூடிக்கிட்டு."

"திறந்து அப்படியே பின்னால மடிச்சு விட்டுடுங்க. பின்பக்கம் ஒட்டிக்கும். ஒரு கையால பிடிக்கலாம். கீழ போட்டா திரை போயிடும் மாமா."

"காலமெல்லாம் கப்பல்லேர்ந்து சரக்கு எறக்கினவன் நான். ஒண்ணைக்கூடக் கீழ போட்டதில்ல."

"அது கிரேன். இது போன்."

விற்பனைப் பெண் சிரித்தாள். அவளைச் சிரிக்க வைத்ததில் அவனுக்கு ஒரு திருப்தி. மாமனாரும் சேர்ந்து சிரித்தார். போனுக்கு மாமனார் பணம் கொடுத்தார். கவர் தன்னுடைய அன்பளிப்பு என்றான் அவன்.

முதல் ஞாயிறே மாமனாருக்குப் பெட்டி கிடைக்கவில்லை. இரண்டாவது ஞாயிறும் கிடைக்கவில்லை. மற்றவர்கள் கண்டுபிடித்த பிறகு போய்ப் பார்த்தாராம்.

"எனக்கு மட்டும் அம்பு வேற எங்கயோ காட்டுது மாப்பிள்ளை."

அவன் போனை வாங்கி, மேஜைமேல் கவரை விரித்து வைத்துப் பார்த்தான். அம்பு சரியாக வடக்கைக் காட்டியது. "போன்ல ஒண்ணுமில்ல மாமா. நீங்க பிடிக்கிறதுலதான் இருக்கு."

அடுத்த முறை அவர் மலையிலிருந்தே கூப்பிட்டார். அந்த ஞாயிறு அவன் வேலையில் இருந்தான். அடுத்த நோயாளி உடை மாற்றிக்கொண்டிருந்தார்.

"அம்பு ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது."

"எட்டு போடுங்க மாமா."

"எங்க?"

"காத்துலதான். போனைக் கையில பிடிச்சுக்கிட்டு எட்டு மாதிரி சுத்துங்க. திசைகாட்டி தன்னைத்தானே சரி பண்ணிக்கும்."

"எல்லாரும் பாக்கறாங்க மாப்பிள்ளை."

"பாத்தா பாக்கட்டும். நாலஞ்சு தடவை போடுங்க."

அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிறு அவர் தொலைந்துபோனார். மலையுச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பாறை இடுக்கில் பெட்டி இருப்பதாகக் குழுவை விட்டு விலகிப் போயிருக்கிறார். பனிமூட்டம் இறங்கிவிட்டது. பெட்டியை விட்டுவிட்டு, வண்டிகள் நிற்கும் இடத்தைப் போனில் குறித்து, அம்பு காட்டிய வழியில் இறங்கியிருக்கிறார். தூரம் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போனதையும் பார்த்திருக்கிறார். பாதை எங்கேயாவது வளைந்து திரும்பும் என்று நம்பியிருக்கிறார். மலையின் மறுபக்கத்தில், கல் உடைக்கும் ஆலை ஒன்றின் பின்வாசலில் போய் நின்றார். முழங்கால் சிராய்ந்திருந்தது. ஆலைக் காவலாளி நாற்காலி போட்டு உட்கார வைத்து, மகள் எண்ணுக்குக் கூப்பிட்டார். அவனும் மனைவியும் போய்ச் சேரும்போது பொழுது சாயவில்லை. ஆனால் மருந்துக்கடைக்காரரும் மற்றவர்களும் மலை முழுக்கப் பெயர் சொல்லிக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் அவன் மனைவியைத் தனியே அழைத்துப் பேசினார். அன்று மாலை, மாமனாரும் மாமியாரும் குடியிருந்த கீழ்வீட்டில், மாமனார் எதிரிலேயே, மனைவி அதைச் சொன்னாள்.

"கொஞ்ச நாளாவே அப்பா சரியில்லையாம். எல்லாரும் ஒரு பக்கம் போனா இவர் ஒரு பக்கம் போறாராம். நடுவுல நின்னு போனைத் தூக்கிக் காத்துல எட்டு எட்டா போடறாராம். கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறாராம்." அவள் அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். "தன்னோட அம்மாவுக்கும் மறதி நோய் இப்படித்தான் ஆரம்பிச்சதுன்னு மருந்துக்கடைக்காரர் சொல்றார்."

மாமியார் வாய் திறக்கவில்லை. அவர் வாய் திறக்காமல் இருந்து அவன் பார்த்ததே இல்லை.

நான்தான் போடச் சொன்னேன் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். சின்ன வாக்கியம். நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் போன் சரியில்லையா என்ற கேள்வி வரும். போன் சரியில்லை என்றால் தேர்ந்தெடுத்தது யார் என்ற கேள்வி வரும். ஒரு எட்டால் என்ன ஆகிவிடப் போகிறது, வழி தவறியது உண்மைதானே என்று தோன்றியது.

மாமனார் தலையைத் தூக்கி ஒரு தரம் அவனைப் பார்த்தார். பிறகு முழங்காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டார். அவரும் சொல்லவில்லை.

மூளையை ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. வேறெங்கே போவது? அவனுடைய சென்டர்தான். டாக்டரிடம் பேசி, நிரம்பி வழிந்த ஒரு நாளில் இடையில் நேரம் வாங்கினான். அதற்காக மனைவி அவனுக்கு நன்றி சொன்னாள்.

அன்று காலை மனைவியும் மாமியாரும் வெளிக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். அவன் மாமனாரை உள்ளே அழைத்துப் போனான். உடை மாற்றும் அறையில் எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னான்.

"உடம்புல இரும்பு எதுவும் இருக்கக் கூடாது மாமா. வாட்ச், பெல்ட், சாவி, சில்லறை. உள்ள இருக்கறது பெரிய காந்தம். இழுத்துடும்."

"பல்லு?"

"சொந்தப் பல்லுதானே?"

"பாதி சொந்தம். பாதி உங்க அத்தை அடிச்சு விழுந்ததுக்குப் பதிலா கட்டினது."

அவர் சிரிக்க வைக்கப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பிளாஸ்டிக் தட்டில் போட்டார். சட்டையைக் கழற்றும்போது பையில் ஏதோ குத்தியது. வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு சீட்டு, சட்டைப் பையின் உள்பக்கத்தில் ஊக்கு போட்டுக் குத்தப்பட்டிருந்தது.

"உங்க அத்தை வேலை," என்றார். "பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் குத்தி விடற மாதிரி."

ஊக்கைக் கழற்றித் தட்டில் போட்டார். கடைசியாகப் போனை வைத்தார். அவருக்குக் காதடைப்பான் கொடுத்து, எந்திர அறைக்கு அழைத்துப் போய், மேஜையில் படுக்க வைத்தான். தலைக்கு மேல் கூண்டுபோன்ற கவசத்தைப் பொருத்தினான். கையில் ரப்பர் உருண்டையைக் கொடுத்தான்.

"முடியலைன்னா இதை அமுக்குங்க. நான் வெளிய கண்ணாடிக்குப் பின்னாலதான் இருக்கேன்."

"சரி மாப்பிள்ளை."

கதவைச் சாத்திவிட்டு வந்து, தட்டைப் பெட்டகத்தில் வைக்க எடுத்தான். ஊக்கு அவர் போட்ட இடத்தில் இல்லை. போன் கவரின் ஓரத்துப் பட்டையில் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது.

அவன் அதைப் பார்த்தான். விரலால் தள்ளினான். அது சாய்ந்து மறுபடியும் நிமிர்ந்தது.

கவரைத் திறந்து பின்னால் மடித்தான். பட்டை போனின் முதுகில் போய் டப்பென்று ஒட்டியது. பின்னால மடிச்சு விட்டுடுங்க. ஒரு கையால பிடிக்கலாம். மேஜைமேல் விரித்து வைத்துப் பார்த்தபோது அம்பு சரியாக இருந்தது ஏனென்று அவனுக்குப் புரிந்தது. காந்தம் அப்போது எட்ட இருந்தது. மலையில் அது திசைகாட்டியின் தலைமேலேயே உட்கார்ந்திருந்தது. எத்தனை எட்டு போட்டாலும் கூடவே சுற்றியிருக்கும்.

காலையிலிருந்து மாலைவரை ஊராரின் உடம்பிலிருந்து இரும்பைக் கழற்ற வைப்பதுதான் அவன் தொழில். காந்தம் என்ன செய்யும் என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டியிருந்தது. அதில் பாதி அவன் ஒட்டியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமனாரின் பாதங்கள் தெரிந்தன. ஒன்றை ஒன்று உரசிக்கொண்டிருந்தன.

கதவைத் திறந்து, எழுந்திருங்க மாமா, வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உடனிருந்த நர்ஸ் ஏன் என்று கேட்டிருப்பாள். டாக்டரிடம் சொல்ல வேண்டும். நேரம் கேட்டு வாங்கியவனே அவன்தான். வெளியே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எப்படியும் இந்த வயதில் ஒரு முறை பார்த்து வைப்பது நல்லதுதானே என்று ஒரு எண்ணம் வந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். இத்தனை வேகமாக ஒரு சப்பைக்கட்டு கிடைக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

பட்டையிலிருந்து ஊக்கைப் பிய்த்து, தட்டின் மறு ஓரத்தில் சாவிக்கு அடியில் போட்டான். மேஜையை உள்ளே செலுத்தும் பொத்தானை அழுத்தினான்.

எந்திரம் தட்டத் தொடங்கியது. பாதி ஸ்கேனில் உருண்டையின் மணி அடித்தது. நர்ஸ் அவனைப் பார்த்தாள். அவன் மைக்கைப் பிடித்தான்.

"மாமா, என்ன ஆச்சு?"

பதில் வரவில்லை. பாதங்கள் அசையாமல் இருந்தன.

"இன்னும் கொஞ்ச நேரம்தான். அசையாம இருங்க."

குரல் எப்போதும்போல இருந்தது. எல்லோரிடமும் பேசும் குரல்.

வெளியே வந்ததும் மாமனார் மேஜை விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். காதடைப்பானை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"கூட வேலை பாத்தவங்க பேரையெல்லாம் உள்ள சொல்லிப் பாத்தேன் மாப்பிள்ளை. வரிசையா. முதல் கிரேன்லேர்ந்து. எல்லாம் வந்தது. ஒருத்தன் பேரு மட்டும் வரலை. முகம் தெரியுது, பேரு வரலை. அதான் அமுக்கிட்டேன். நிறுத்தச் சொல்லி இல்ல. பயமாப் போச்சு."

"பரவாயில்ல மாமா."

"படம் கெட்டுப் போயிடலையே?"

"இல்ல."

டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, வயதுக்கேற்ற மூளை, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்.

"அப்ப ஏன் டாக்டர் வழி தவறினார்?" என்று கேட்டாள் மனைவி.

"படத்துல தெரியாத விஷயங்களும் இருக்கும்மா. கொஞ்ச நாள் தனியா விடாதீங்க."

அவன் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

அன்று மாலை வேலை முடிந்து கீழ்வீட்டுக்குப் போனபோது மாமனார் போனைத் துடைத்து, மூடி, மேஜைமேல் வைத்திருந்தார். பக்கத்தில் பழைய பொத்தான் போன் ஒன்று இருந்தது.

"இனிமே இதுவே போதுமாம் எனக்கு. நல்ல போன் மாப்பிள்ளை. பாத்துப் பாத்து எடுத்துக் கொடுத்தீங்க. எனக்குத்தான் கொடுத்து வைக்கலை. நீங்களே வெச்சுக்குங்க."

வாங்கிக்கொண்டான். படிக்கட்டில் நின்று கவரைப் பின்னால் மடித்துப் பார்த்தான். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி அவர்கள் வீட்டுக்கு நேர் வடக்கு. அம்பு அதற்கு முதுகைக் காட்டியது. பட்டையை விலக்கினான். திரும்பி வந்தது. காரணம் காந்தமாக இல்லாமல் போகாதா என்றுதான் பார்த்தான். மேலே போய் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தான்.

அந்த வாரம் மாமனார் மொட்டைமாடியில் நடந்தார். தெருவுக்குக்கூடத் தனியே விடவில்லை. மாமியார் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தார். மாடிக்கு நேர் கீழே அவன் வீடு. வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் தலைக்கு மேல் காலடிச் சத்தம் கேட்கும். சுவர்வரை போகும். நிற்கும். திரும்பும். சுவர்வரை வரும்.

"நல்லா நடக்கறார் இல்ல?" என்றாள் மனைவி ஒரு நாள், கூரையைப் பார்த்து. "பாவம். வழி தவற இடமே இல்ல அங்க."

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான். பிறகு குறைத்தான். காலடி நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் கீழ்வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மருந்துக்கடைக்காரரின் குழு அன்று எந்த மலைக்குப் போயிருக்கிறது என்று யாரும் பேசவில்லை. மாமனார் தட்டைப் பார்த்தபடி மென்றார். அவன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து மேலே போனான். போனோடு திரும்பி வந்தான்.

"மாமா, இதைப் பாருங்க."

கவரைப் பின்னால் மடித்துக் காட்டினான். பட்டையை விலக்கிக் காட்டினான். அம்பு போய் வந்தது.

"இந்தப் பட்டையில காந்தம் இருக்கு. பின்னால மடிச்சா திசைகாட்டியைக் குழப்புது. இத்தனை நாளும் உங்களுக்கு வழியைத் தப்பாக் காட்டினது இதுதான்."

மாமனார் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். மடித்தார். அம்பு திரும்பியது. விலக்கினார். வந்தது. மறுபடி மடித்தார். மறுபடி விலக்கினார். எழுந்து ஜன்னலுக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி அதையே செய்தார்.

"அப்ப நான் இல்ல," என்றார்.

"என்னது?" என்றார் மாமியார்.

"நான் இல்லடி. இதுதான்." போனைத் தூக்கிக் காட்டினார். "என் தலையில ஒண்ணுமில்ல. இந்தக் கதவுதான்."

மனைவி எழுந்துபோய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கதவைக்கூட ஒழுங்கா மூடத் தெரியாத மனுஷன்தான்னு நான் கல்யாணமான அன்னைக்கே சொன்னேன்," என்றார். ஒரு வாரமாகக் காணாமல்போன குரல் திரும்பி வந்துவிட்டது.

"மாப்பிள்ளை கண்டுபிடிச்சார் பாத்தியா," என்றார் மாமனார். "டாக்டருக்கே தெரியலை."

"நிபுணர்னா சும்மாவா?" என்றார் மாமியார்.

மனைவி அவனைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. அவன் அதை ஒரு கணம் வாங்கிக்கொண்டான். ஒரே ஒரு கணம், அது இதமாகக்கூட இருந்தது.

"கவர் நான் வாங்கிக் கொடுத்ததுதான்," என்றான். "எட்டு போடச் சொன்னதும் நான்தான்."

"நல்லதுக்குத்தானே சொன்னீங்க," என்றார் மாமனார். உட்கார்ந்து, சாப்பாட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பசி வந்துவிட்டது. "என்ன, அன்னைக்கே தெரிஞ்சிருந்தா அந்தக் குழாய்க்குள்ள போயிருக்க வேண்டாம். அவ்வளவுதான்."

அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. பதில் யாரும் எதிர்பார்க்கவில்லை. மாமியார் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தார். அப்படியே விட்டிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும்.

"அன்னைக்கே தெரியும்," என்றான்.

"எது?"

"ஊக்கு ஒட்டிக்கிச்சு. தட்டுல. நீங்க மேஜையில படுத்திருந்தீங்க. இன்னும் ஆரம்பிக்கலை."

மனைவியின் கை அப்பாவின் தோளில் இருந்தது. அது அங்கேயே நின்றது. மாமனார் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். நிதானமாகத் தண்ணீர் குடித்தார்.

"நான் அந்த உருண்டையை அமுக்கினேனே," என்றார். "அப்பவும் தெரியுமா?"

"தெரியும் மாமா."

மாமனார் தலையாட்டினார். கணக்கு ஒன்றைச் சரிபார்த்து முடித்தவர்போல. எழுந்து போய்க் கை கழுவினார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி தட்டுகளை எடுக்கத் தொடங்கினாள். யாரும் சாப்பிட்டு முடித்திருக்கவில்லை. அவனுடைய தட்டை மட்டும் அவள் எடுக்கவில்லை. அவன் அதை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்குப் போன பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் வெளியே உக்காந்திருந்தேனே. என்கிட்டயாவது வந்து சொல்லியிருக்கலாமே?" அந்த வாரம் முழுவதும் அவள் அவனிடம் தேவைக்கு மட்டும் பேசினாள்.

அடுத்த ஞாயிறு காலை மருந்துக்கடைக்காரரின் வண்டி வாசலில் வந்து நின்றது. அவன் படிக்கட்டில் இறங்கி வந்தான். கையில் ஒரு ரப்பர் உறை இருந்தது. கடையில் அந்தப் பெண் முதலில் எடுத்துக் காட்டியது. காந்தம் இல்லை என்று ஊக்கு வைத்துப் பார்த்திருந்தான்.

மாமனார் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். போன் சட்டைப் பையில் இருந்தது. உறை எதுவும் இல்லை.

"மாமா, இதைப் போட்டுக்குங்க. திரைக்கு—"

"வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் கவரைப் பார்த்தபோதும் அவர் சொல்ல நினைத்தது இதைத்தான் என்று அவனுக்குத் தோன்றியது. மருமகன் என்பதால் அன்று அதைக் கேள்வியாகக் கேட்டிருந்தார். மாமியார் மாமனாரின் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். சீட்டு இல்லை. ஊக்கு இல்லை. வழிவிட்டார். வண்டி கிளம்பிப் போயிற்று. அவன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

பொழுது இறங்கும் முன்பே திரும்பி வந்துவிட்டார். ஷூவெல்லாம் செம்மண். கீழ்வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு மனைவி இறங்கிப் போனாள். கொஞ்சம் கழித்து அவனும் போய் நிலைப்படியில் நின்றான்.

மாமனார் மாமியாரிடமும் மகளிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பாறை இடுக்கு. அன்று விட்டுவிட்டு வந்த அதே பெட்டி. கையை உள்ளே விட்டால் முதலில் இலைதான் வந்ததாம். மருந்துக்கடைக்காரர் பாம்பு என்று பயமுறுத்தினாராம். உள்ளே இருந்த தாள் ஈரமாகியிருந்ததாம். பெயர் எழுத இடம் தேட வேண்டியிருந்ததாம்.

"பாம்பு வந்து உங்க கையெழுத்தைப் பாத்துட்டுப் பயந்து ஓடியிருக்கும்," என்றார் மாமியார்.

மாமனார் சிரித்தார். கதை முழுவதையும் அந்த இருவரைப் பார்த்தே சொன்னார். நிலைப்படிப் பக்கம் திரும்பவில்லை. மேஜையில் போன் கிடந்தது. திரையின் ஒரு மூலையிலிருந்து மெல்லிய விரிசல் ஒன்று உள்ளே ஓடியிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்திருந்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவன் பார்ப்பதை மாமனார் கவனித்தார்.

"கீழ போட்டுட்டேன் மாப்பிள்ளை," என்றார். "பாறைமேல." போனை எடுத்துக் கட்டைவிரலால் விரிசலைத் தடவினார். "வேலை செய்யுது."